ரிமோட் கார் சக்கரத்துக்குள் ஏன் எடை வைக்கிறார்கள்? பாறை ஏறும் குட்டி ஜீப்புகளின் கணக்கு இதுதான்!

ஒரு முழ நீளம்தான் இருக்கும் அந்த ஜீப். சுவர் மாதிரி நிற்கும் பாறையில் நான்கு சக்கரத்தையும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக ஏறிப் போகும். ரீல்ஸிலும் யூடியூபிலும் இந்த வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கி வந்து, தெருவில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலில் ஏற்றிப் பார்த்தால் நடப்பது வேறு. பாதி ஏறியதும் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கும். அடுத்த நொடி வண்டி மல்லாந்து விழும். "வீடியோவில் ஏறுது, நம்ம வண்டி மட்டும் ஏன் விழுது?" என்று யோசிக்காதவர்கள் குறைவு.

அப்படி ஏறும் வண்டிகள் பலவற்றின் சக்கரத்துக்குள் வெளியே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எடை! பித்தளை வளையமோ, டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி உலோகத் துண்டுகளோ உள்ளே இருக்கும்.

எடை கூடினால் ஏறுவது கஷ்டமாகத்தானே ஆகும்? சக்கரத்தில் ஏன் வைக்கிறார்கள்? எவ்வளவு வைக்கலாம்? எல்லா ரிமோட் காருக்கும் இது சரிவருமா? குழந்தைகள் இருக்கும் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

எந்த வண்டிக்கு இந்த வேலை?

ரிமோட் கார் என்றாலே எல்லாம் ஒன்று இல்லை. வேகமாகப் பறக்கும் ரேஸ் கார் ஒரு வகை. மண் தரையில் துள்ளிக் குதிக்கும் பக்கி இன்னொரு வகை. நாம் பேசப்போவது 'ராக் கிராலர்' என்ற மூன்றாவது வகையைப் பற்றி.

இதற்கு வேகம் முக்கியமே இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தில் போனால் போதும். நான்கு சக்கரத்துக்கும் மோட்டாரின் விசை போகும். கியர் ரொம்ப மெதுவானது. பாறை, மரவேர், ஓடைக் கற்கள் மேல் கவிழாமல் ஏறி இறங்குவதுதான் இதன் ஒரே வேலை.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 வண்டி 2009-இல் வந்தது. டிராக்சஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 2017-இல் வந்தது. இவை இரண்டும் நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதைவிடச் சிறிய, 18-இல் ஒரு பங்கு அளவுள்ள டிஆர்எக்ஸ்-4எம் 2022-இல் வந்தது. இதற்கென்று போட்டிகளும் நடக்கின்றன. அங்கே முதலில் வந்தவர் ஜெயிப்பதில்லை. கம்பத்தைத் தொட்டால், பின்னோக்கி எடுத்தால், கவிழ்ந்த வண்டியைக் கையால் நிமிர்த்தினால் அபராதப் புள்ளி. குறைந்த அபராதம் வாங்கியவரே வெற்றியாளர்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து பத்து மடங்கு குறைகிறது இல்லையா? அதனால் 2,000 கிலோ ஜீப்பின் மாடல் சுமார் 2 கிலோதான் வரும். ஆனால், வாசலில் கிடக்கும் 10 செ.மீ. கல் அந்த மாடலுக்கு 1 மீட்டர் உயரப் பாறைக்குச் சமம். நிஜ ஜீப் ஓட்டுபவர்கள் சுற்றிப் போகும் இடத்தில்தான் நாம் இதை ஏற்றுகிறோம். அதனால்தான் கவிழ்வது இவ்வளவு சகஜம்.

எடை கூடினால் பிடிமானம் கூடுமா?

பலரும் நினைப்பது இதுதான்: "வெயிட் போட்டால் டயர் நல்லா அழுந்தும், வழுக்காது."

பாதிதான் சரி. எடை கூடினால் டயர் பாறையை அழுத்தும் விசை கூடும், உண்மை. ஆனால் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிற கதை. ஒரு சரிவில் வண்டி வழுக்குமா வழுக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது டயரின் ரப்பரும் பாறையின் சொரசொரப்பும்தான். மொத்த எடைக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

அதனால் 'வெயிட் போட்டால் ஏறும்' என்று கண்ட இடத்தில் எடையைக் கட்டினால் பலன் இருக்காது. சில இடத்தில் கட்டினால் நிலைமை மோசமாகவும் ஆகும்.

விஷயம் எவ்வளவு எடை என்பதில் இல்லை. எந்த இடத்தில் எடை என்பதில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் வண்டி ஏன் மல்லாந்து விழுகிறது?

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஈர்ப்பு மையம் உண்டு. மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுவதாகக் கற்பனை செய்யுங்கள். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி.

சமதரையில் அந்த நூல் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே விழும். வண்டி மேலே ஏற ஏற, நூல் பின்பக்கம் நகரும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டி நூல் விழுந்த நொடியில் வண்டி மல்லாந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

இதைத் தள்ளிப்போட இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டு போவது. இன்னொன்று, அதைக் கீழே இறக்குவது. முன்சக்கரத்துக்குள் வைக்கும் எடை இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. ரகசியம் இதுதான்.

200 கிராம் என்ன செய்யும்? ஒரு சின்னக் கணக்கு

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை 2 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 30 செ.மீ. ஈர்ப்பு மையம் சரியாக நடுவில், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். டயரின் உயரம் 11 செ.மீ., அதாவது சக்கரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5.5 செ.மீ. மேலே.

எடை எதுவும் சேர்க்காதபோது இந்த வண்டி சுமார் 56 டிகிரி சரிவு வரை தாங்கும். அதற்கு மேல் மல்லாந்துவிடும்.

இப்போது முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 100 கிராம், மொத்தம் 200 கிராம் சேர்க்கிறோம். ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 1.4 செ.மீ. முன்னே போகும், 4 மில்லிமீட்டர் கீழே இறங்கும். தாங்கும் சரிவு ஏறக்குறைய 60 டிகிரி ஆகிறது.

அதே 200 கிராமை முன்சக்கரத்துக்கு நேர் மேலே, 20 செ.மீ. உயரத்தில் கூரையின் முன்விளிம்பில் கட்டினால்? மையம் முன்னே போகும், ஆனால் கூடவே மேலேயும் ஏறிவிடும். முடிவு: மறுபடியும் அதே 56 டிகிரி. 200 கிராம் சுமந்தது மிச்சம்!

சரிவின் குறுக்கே போகும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை சேர்க்காதபோது 45 டிகிரி சாய்வில் பக்கவாட்டில் கவிழும். சக்கரத்தில் எடை வைத்தால் 46 டிகிரிக்குச் சற்று மேல் தாங்கும். கூரையில் வைத்தாலோ 42.5 டிகிரியிலேயே கவிழ்ந்துவிடும்.

"வெறும் 4 டிகிரிக்கா இவ்வளவு பேச்சு?" என்று தோன்றலாம். கவிழும் கோணம் மட்டும் கணக்கு இல்லை. இந்த வண்டி 45 டிகிரி சரிவில் நிற்கும்போது முன்டயர்கள் இரண்டும் சேர்ந்து பாறையை அழுத்தும் விசை எவ்வளவு தெரியுமா? சமதரையில் 1 கிலோவாக இருந்தது, அங்கே 235 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். மிச்ச பாரமெல்லாம் பின்டயரில். அதனால்தான் முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது, ஸ்டீயரிங்கும் கேட்பதில்லை.

முன்சக்கரத்தில் 200 கிராம் சேர்த்தால் அந்த அழுத்தம் 350 கிராம் ஆகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பாறை விளிம்பை முதலில் தொடுவது முன்டயர். அது கவ்வி இழுத்தால்தான் பின்னால் இருக்கும் வண்டி ஏறும். வீடியோவில் நாம் பார்க்கும் வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

அடிப்பாகத்தில் வைக்காமல் சக்கரத்தில் ஏன்?

நல்ல கேள்வி. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, உயரம். கிராலர் வண்டியின் அடிப்பாகம் கல்லில் தட்டாமல் இருக்க உயரமாகவே இருக்கும். அங்கே எடை வைத்தால், சக்கரத்தின் நடுப்புள்ளியைவிட மேலேதான் உட்காரும்.

இரண்டாவது, ஸ்பிரிங். பாடியில் வைக்கும் எடை ஸ்பிரிங்கை அழுத்தும். சரிவில் குறுக்கே போகும்போது பாடி கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, ஈர்ப்பு மையத்தையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்தில் இருக்கும் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அது நேராகத் தரையில் உட்காரும்.

மூன்றாவது, இடைவெளி. ஆக்சிலுக்கு அடியில் எடையைத் தொங்கவிட்டால் அதுவே கல்லில் மாட்டும். சக்கரத்துக்குள் ஏற்கெனவே காலி இடம் இருக்கிறது. எதிலும் இடிக்காது, கண்ணுக்கும் தெரியாது.

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்டீயரிங் திரும்பும் மூட்டுப் பகுதியிலும் பித்தளைப் பாகங்களை மாட்டுகிறார்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாது என்பது கூடுதல் நன்மை.

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இது புதுசு இல்லை!

கரும்பு லோடு டிரெய்லரை இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் டிராக்டரை நம்ம ஊரில் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்கத்தான் டிராக்டரின் மூக்கில் இரும்பு வெயிட்களை வரிசையாக மாட்டுகிறார்கள். பின்சக்கரத்தில் வார்ப்பிரும்பு வட்டுகளை மாட்டுவதும், டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவதும் உண்டு. பெரிய வண்டிக்கும் பொம்மை வண்டிக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

ஆனால் டிராக்டர் பாணியில் ரிமோட் கார் டயருக்குள் தண்ணீர் ஊற்றலாமா? வேண்டாம். இந்த டயர்களில் காற்றழுத்தம் கிடையாது. உள்ளே ஃபோம்தான் இருக்கும். காற்று போய்வர டயரிலோ ரிம்மிலோ சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் ஒழுகும், ஃபோம் ஊறிக் கெடும்.

இன்னொரு காரணமும் உண்டு. சுற்றும் பொருளில், விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் எடையைச் சுழற்றுவதுதான் கஷ்டம். நமது மாதிரி வண்டியில், மையத்திலிருந்து 2 செ.மீ. தூரத்தில் ரிம்மை ஒட்டி 100 கிராம் வைத்தால், வண்டியைக் கிளப்பும்போது மோட்டாருக்கு அது 113 கிராம் மாதிரி தெரியும். அதே 100 கிராமை டயரின் வெளிவிளிம்பில், 5 செ.மீ. தூரத்தில் வைத்தால் 183 கிராம் மாதிரி தெரியும். அதனால் எடை எப்போதும் ரிம்மை ஒட்டி, மையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

எடை வாங்கக் கடைக்குப் போகும் முன், உங்கள் வண்டியின் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் அது நடுவிலோ பின்பக்கமோ இருக்கும்.

நமது மாதிரி வண்டியில் 250 கிராம் பேட்டரியை, உயரம் மாறாமல், 12 செ.மீ. முன்னே நகர்த்தினால் ஈர்ப்பு மையம் 1.5 செ.மீ. முன்னே போகும். தாங்கும் சரிவு 56-லிருந்து கிட்டத்தட்ட 59 டிகிரி ஆகும். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு கிராம் கூடவில்லை. 200 கிராம் எடை தரும் பலனில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைத்துவிட்டது!

அதன் பிறகு முன்சக்கரத்தில் 200 கிராம் சேர்த்தால் சுமார் 61.5 டிகிரி. 45 டிகிரி சரிவில் முன்டயரின் அழுத்தம் 420 கிராமைத் தாண்டும். முதலில் இருந்ததைவிட 1.8 மடங்கு.

கூடவே, கூரை மேல் அழகுக்கு மாட்டியிருக்கும் லக்கேஜ் கேரியர், குட்டி ஜெர்ரி கேன், ஸ்டெப்னி டயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மேலே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் பலன் தரும்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசு போதும்.

• வண்டியில் பேட்டரியை மாட்டிவிட்டு, முன்சக்கரம் இரண்டையும் தராசின் மேல் வையுங்கள். தராசு சின்னதாக இருந்தால் ஒரு பலகையைப் போட்டு, அதன் எடையைக் கழித்துவிடுங்கள்.

• பின்சக்கரத்துக்கு அடியில் தராசின் உயரத்துக்குச் சமமாகப் புத்தகங்களை அடுக்குங்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும்.

• வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்சக்கரத்துக்கும் இதே மாதிரி செய்யுங்கள்.

• இரண்டையும் கூட்டினால் வண்டியின் மொத்த எடை. அதில் முன்பக்கம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

கிராலர் ஓட்டுபவர்கள் பொதுவாக முன்பக்கம் 60, பின்பக்கம் 40 என்ற விகிதத்தைக் குறிவைக்கிறார்கள். நமது மாதிரி வண்டி 50-50-இல் தொடங்கியது. சக்கர எடை மட்டும் சேர்த்தால் முன்பக்கம் 54.5 சதவீதம். பேட்டரியும் நகர்ந்தால் 59 சதவீதம். பேட்டரியை நகர்த்தாமல் சக்கர எடையால் மட்டும் 60-ஐத் தொட வேண்டுமென்றால் 500 கிராம் போட வேண்டியிருக்கும். 2 கிலோ வண்டிக்கு அது ரொம்ப அதிகம்.

தொடங்கும்போது மொத்த எடையில் 5 சதவீதத்தை மட்டும் முன்சக்கரங்களுக்குப் பிரித்து வையுங்கள். 2 கிலோ வண்டி என்றால் சக்கரத்துக்கு 50 கிராம். அதே பாறையில், அதே இடத்தில் பத்து முறை ஏற்றிப் பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும் கூட்டுங்கள். உள்ளங்கை அளவு குட்டி கிராலர் என்றால் சில கிராம்களிலேயே வித்தியாசம் தெரியும்.

இதற்கு விலை என்ன?

இலவசமாக எதுவும் வராது. சக்கரத்தில் எடை கூட்டினால் இழப்பும் இருக்கிறது.

இறக்கத்தில் ஆபத்து: ஏற்றத்துக்கு நல்லதாக இருக்கும் முன்பக்க எடை, இறங்கும்போது எதிரியாகிவிடும். நமது மாதிரி வண்டி முதலில் 56 டிகிரி இறக்கம் வரை தாங்கியது. பேட்டரியை முன்னே கொண்டு போய், எடையும் சேர்த்த பிறகு 52 டிகிரியிலேயே முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். ஏறிய பாறையில் இறங்கவும் வேண்டுமே!

ஸ்டீயரிங் திணறும்: முன்சக்கரத்தைத் திருப்புவது சர்வோ என்ற சின்ன மோட்டார். கல் இடுக்கில் அழுந்திக் கிடக்கும் கனமான சக்கரத்தைத் திருப்ப முயன்று அது சூடாகும், பல் உடையும். எடை கூட்டிய பலர் அடுத்து வாங்குவது பலமான சர்வோவைத்தான்.

கியரும் ஆக்சிலும் தேயும்: மாட்டிக்கொண்ட சக்கரம் திடீரென விடுபடும்போது விழும் அடி, எடைக்கு ஏற்ப பலமாக இருக்கும். பிளாஸ்டிக் கியர் உள்ள மலிவான வண்டிகளில் இது சீக்கிரம் தெரிந்துவிடும்.

பேட்டரி சீக்கிரம் தீரும்: கூடுதல் பாரத்தை மேலே தூக்கக் கூடுதல் சக்தி வேண்டும்தானே?

ரேஸ் காருக்கு இதைச் செய்யலாமா?

கூடவே கூடாது. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய எச்சரிக்கை.

வேகமான வண்டிக்கு எல்லாமே தலைகீழ். மேடு பள்ளத்தில் சக்கரம் சட்டென மேலே போய் சட்டெனக் கீழே வர வேண்டும். கனமான சக்கரத்தை ஸ்பிரிங்கால் அவ்வளவு வேகமாகக் கட்டுப்படுத்த முடியாது. டயர் தரையை விட்டு எழும்பி, பிடிமானம் போய்விடும். வேகம் எடுப்பதும் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். ரேஸ் ஓட்டுபவர்கள் குறைந்தபட்ச எடை விதிக்காக வெயிட் சேர்த்தாலும் அதைச் சக்கரத்தில் வைப்பதில்லை. அடித்தட்டில்தான் ஒட்டுவார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, எடை பிய்த்துக்கொண்டு பறப்பது. மையத்திலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் ஒரு 10 கிராம் துண்டு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகும் கிராலரில், அந்தத் துண்டை வெளியே இழுக்கும் விசை சுமார் 16 கிராம் எடைக்குச் சமம். டேப் தாராளமாகத் தாங்கும்.

அதே அளவு சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுற்றினால்? அந்த 10 கிராம் துண்டை இழுக்கும் விசை 2.3 கிலோ எடைக்குச் சமமாகிவிடும்! வேகம் 12 மடங்கு கூடினால் விசை 144 மடங்கு கூடும். டேப் விட்டுப்போனால் அந்த உலோகத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பது குழந்தையாகவும் இருக்கலாம்.

எந்த உலோகம் நல்லது? காரீயம் வேண்டவே வேண்டாம்

சக்கரத்துக்குள் இடம் குறைவு. அதனால் சின்ன அளவில் அதிக எடை தரும் உலோகம்தான் வசதி. 100 கிராமுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள்.

• காரீயம்: சுமார் 9 கன செ.மீ.
• பித்தளை: சுமார் 12 கன செ.மீ.
• எஃகு: சுமார் 13 கன செ.மீ.
• துத்தநாகம்: சுமார் 14 கன செ.மீ.
• டங்ஸ்டன்: சுமார் 5 கன செ.மீ. மட்டுமே, ஆனால் விலை மிக அதிகம்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "காரீயம் மலிவாகக் கிடைக்குமே" என்று போகாதீர்கள். காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிஜக் கார்களின் சக்கரத்தில் காரீய வெயிட் ஒட்டுவதற்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து தடை இருக்கிறது.

காரில் ஒட்டியிருப்பதைவிடப் பொம்மையில் ஆபத்து அதிகம். ஏனென்றால் இதைக் கையால் வெட்டுகிறோம், வளைக்கிறோம், தேய்க்கிறோம். அந்தத் தூள் விரலில் ஒட்டும். அதே கையால் சாப்பிடுவோம். விழுந்த துண்டைக் குழந்தை வாயில் வைக்கும்.

அப்போ நம்ம வீட்டு ஈயச் சொம்பு? ரசம் வைக்கும் அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. அது வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி.

கையில் இருக்கும் வெயிட் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு, தைரியமாகப் பயன்படுத்தலாம். ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், கையாலேயே எளிதாக வளைந்து, நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் அது காரீயமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தவிர்த்துவிடுங்கள். தொட்டிருந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எப்படிப் பொருத்துவது?

திருகால் இறுக்கும் 'பீட்லாக்' ரிம் என்றால் வேலை சுலபம். திருகைக் கழற்றி, டயரை எடுத்து, ரிம்மின் நடு வளையத்தைச் சுற்றி எடையை ஒட்டலாம். டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தால் பிரிப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக ஸ்டீயரிங் மூட்டில் மாட்டும் பித்தளைப் பாகங்களைப் பாருங்கள். ரிம்மில் ஒட்டுவதாக இருந்தால்:

1. ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவிடுங்கள்.

2. ஒரே பக்கத்தில் குவிக்காமல், துண்டுகளை எதிரெதிரே சம தூரத்தில் ஒட்டுங்கள்.

3. ஒட்டியதற்கு மேல் பலமான டேப்பை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்ணீரில், சேற்றில் போனாலும் விடாது.

4. எடை பிடித்த இடத்துக்கு ஏற்ப ஃபோமின் உட்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் டயர் விறைத்து, பாறையைக் கவ்வாது.

5. இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே எடை இருக்கிறதா என்று தராசில் பாருங்கள்.

6. வண்டியில் மாட்டிய பிறகு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது.

பின்சக்கரத்திலும் வைக்கலாமா? பக்கவாட்டில் அடிக்கடி கவிழ்கிறது என்றால் கொஞ்சம் வைக்கலாம். ஈர்ப்பு மையம் கீழே இறங்கும். ஆனால் ஏற்றத்தில் மல்லாந்து விழுவதுதான் பிரச்சினை என்றால், பின்னால் வைக்கும் எடை நீங்கள் முன்னால் சேர்த்த பலனையே தின்றுவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்...

வண்டி மெதுவாகப் பாறை ஏறும் வண்டியா? அப்படியென்றால் முதலில் கூரை பாரத்தைக் குறையுங்கள். அடுத்து பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். பிறகும் முன்சக்கரம் தூக்கினால், பித்தளையோ எஃகோ வாங்கி, முன்சக்கரத்தில் கொஞ்சமாகத் தொடங்குங்கள். ஏறுவதோடு நிறுத்தாமல், அதே பாறையில் இறக்கியும் பாருங்கள்.

வேகமாக ஓடும் வண்டியா? சக்கரத்தில் கை வைக்காதீர்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும், காரீயத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.